ஜிக்-ஜாக் பாதை

சீமை என்றால் நம் பாட்டன்மாருக்கு நினைவு வந்தது பார்லிமெண்டு மாளிகையும், மாஞ்செஸ்டர் ஆலைகளின் புகைபோக்கியும், பனிமூட்டத்தில் தடுமாறும் லண்டன் வீதியுமே. நம்மை அடக்கி ஆண்டவர்களின் நாட்டில் கிராமங்கள் உண்டு, அங்கும் ஏழைக் குடியானவன் உண்டு, அவன் வீட்டுக் கூரையிலும் குருவி கூடு கட்டும் என்பதையெல்லாம் யார் எண்ணிப் பார்த்தார்கள்? நாமும் எண்ணிப் பார்த்தவரல்லர். அத்தகைய கிராமம் ஒன்றில் இரண்டு நாள் கால் நோக நடந்துவிட்டு வந்த பிறகுதான் அந்த எண்ணம் நம்மைப் பற்றிக் கொண்டது.

ஊரின் பெயர் செல்போர்ன். லண்டனுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய ஐம்பது மைல் தூரத்தில், ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் இருக்கிறது. வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறி ஆல்ட்டன் என்னும் சிற்றூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போகவேண்டும். ஆல்ட்டனுக்குப் பக்கத்திலேயே, நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1809 முதல் 1817 வரை வாழ்ந்த சாட்டன் கிராமம் இருக்கிறது. பஸ்ஸில் வந்தவர்களில் பெரும்பாலோர் அவ்வம்மையாரைத் தேடி இறங்கிவிட்டார்கள். செல்போர்னுக்கு எஞ்சியவர்கள் நாமும் நம் நண்பரும், காய்கறிக் கூடையோடு ஒரு கிழவியும்தான்.

இவ்வூரில் போர் எதுவும் நடந்ததில்லை. அரசன் எவனும் பிறந்ததில்லை. 1720-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18-ஆம் தேதி, இவ்வூர்ப் பாதிரியார் விடுதியில் கில்பர்ட் ஒயிட் என்றொரு குழந்தை பிறந்தது. பாட்டனார் அவ்வூர்க் குருக்கள். பேரனும் ஆக்ஸ்போர்டில் படித்துப் பாதிரியாராகி, ஊர் திரும்பி, கலியாணம் செய்துகொள்ளாமல், தம் வீட்டைச் சுற்றியுள்ள காட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டே எழுபத்திரண்டு வயது வரை வாழ்ந்து, 1793-ல் அங்கேயே காலமானார். பார்த்ததையெல்லாம் தாமஸ் பென்னன்ட், டெயின்ஸ் பாரிங்டன் என்ற இரு அறிஞர்களுக்குக் கடிதங்களாக எழுதினார். அவற்றைத் திரட்டி ‘செல்போர்னின் இயற்கை வரலாறும் பழமைகளும்’ என்று 1788-ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்டார். பதிப்பித்தவர் லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்த அவருடைய தம்பி பெஞ்சமின். புத்தகத்தில் மொத்தம் 110 கடிதங்கள். அவற்றில் முதல் ஒன்பதும் தபாலில் போகவேயில்லை. புத்தகத்திற்கு முகப்பு வேண்டுமென்று பிற்பாடு எழுதிச் சேர்த்தவை! எழுத்தாளர்கள் எல்லாக் காலத்திலும் எழுத்தாளர்களே. ஆயினும் அந்தப் புத்தகம் அன்று முதல் இன்று வரை நூற்றுக்கணக்கான பதிப்புகள் கண்டுவிட்டது.

ஊர் ஒரே தெரு. தெருவின் நடுவில் ‘பிளெஸ்டர்’ என்னும் சிறு மைதானம். விளையாடும் இடம் என்பதே அச்சொல்லின் பொருளாம். ஒரு காலத்தில் அங்கே மிகப் பெரிய ஓக் மரம் ஒன்று நின்றது. சுற்றிலும் கல்மேடை, கிழவர்கள் உட்கார்ந்து ஊர்வம்பு பேச, இளைஞர்கள் எதிரே ஆடிப் பாடுவார்களாம். நம் ஊர் ஆலமரத்தடிக்கு இதைவிட வேறு வர்ணனை வேண்டுமா? 1703-ஆம் ஆண்டின் பெரும்புயலில் அம்மரம் வேரோடு சாய்ந்தது. அப்போதிருந்த குருக்கள் கைப்பணத்தைச் செலவழித்து, மரத்தைத் தூக்கி நிறுத்தி மறுபடி நட்டுப் பார்த்தார். கொஞ்ச நாள் துளிர்த்தது, பிறகு பட்டுப்போயிற்று.

மைதானத்தைத் தாண்டினால் மாதா கோயில். கோயில் முற்றத்தில் நின்ற யூ மரத்தை ஒயிட் அளந்து, அடிமரத்தின் சுற்றளவு 23 அடி என்று குறித்தார். இருபதாம் நூற்றாண்டில் அளந்தவர்கள் மேலும் சில அடி கூடியிருப்பதைக் கண்டார்கள். கோயிலைவிட மரத்துக்கு வயது அதிகம் என்பது ஊரார் நம்பிக்கை. 1990-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி வீசிய புயலில் அந்த மரமும் சாய்ந்தது. ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? கிளைகளைத் தறித்துவிட்டு, யந்திரம் கொண்டு தூக்கி, வேரை மண்ணில் பதித்து நிறுத்தினார்கள். இருநூற்றெண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் ஓக் மரத்துக்கு நடந்ததை அவர்கள் ஒயிட்டின் புத்தகத்திலேயே படித்திருப்பார்கள், படித்திருந்தும் செய்தார்கள். இம்மரமும் பிழைக்கவில்லை. பெயர்ந்த வேர்களுக்கிடையில் பழைய காலத்து மனித எலும்புகள் கிடைத்தன. இப்போது அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. அதன் கிளையிலிருந்து வளர்த்த கன்று ஒன்று முற்றத்தில் இருக்கிறது. அதன் தண்டை நம் ஒரு கைக்குள் பிடித்துவிடலாம்.

கோயிலின் வடபுறத்தில் ஒயிட்டின் கல்லறை. முழங்கால் உயரக் கல்; அதில் ஜி. டபிள்யூ. என்ற இரண்டு எழுத்தும், இறந்த தேதியும். அவ்வளவுதான். புல்லை விலக்கித்தான் படிக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு வேடிக்கை. உலகமே ‘செல்போர்ன் பாதிரியார்’ என்று சொல்லும் இவர், அவ்வூருக்கு நிரந்தரக் குருக்களாக ஒரு நாளும் இருந்ததில்லை. குருக்களுக்குப் பதிலாக அலுவல் பார்க்கும் உதவிப் பாதிரியாராகவே இருந்தார். காரணம் ஐந்நூறு ஆண்டுப் பழையது. 1233-ல் வின்செஸ்டர் பிஷப் பீட்டர் டி ரோஷ் என்பவர் இவ்வூர்ப் பள்ளத்தாக்கில் துறவிகள் மடம் ஒன்றை நிறுவினார். மடம் நாளடைவில் சீர்கெட்டு, கடனில் மூழ்கி, 1480-களில் கலைக்கப்பட்டது. அதன் சொத்துக்கள் ஆக்ஸ்போர்டிலுள்ள மாடலின் கல்லூரிக்குப் போயின. செல்போர்ன் குருக்களை நியமிக்கும் உரிமையும் கூடவே போயிற்று. ஒயிட் படித்ததோ ஓரியல் கல்லூரி. எதிர்க்கடைக்காரனுக்கு எவன் வேலை கொடுப்பான்? மடம் இருந்த இடத்தை நாமும் தேடிப் போனோம். பண்ணை வீடொன்றும், மேயும் மாடுகளும், ஓடைக் கரையில் பூண்டு மணம் வீசும் வெள்ளைப் பூக்களும்தான் கண்டோம்.

ஒயிட் வாழ்ந்த வீட்டுக்கு ‘வேக்ஸ்’ என்று பெயர். 1955 முதல் அது பொருட்காட்சி சாலையாக இருக்கிறது. தோட்டத்தின் கோடியில் ஹெர்குலிஸ் சிலை ஒன்று கம்பீரமாக நிற்பதைத் தூரத்தில் கண்டு வியந்தோம்; கிட்டப் போனால் பலகையை வெட்டி வர்ணம் பூசிய வெறும் படம்! கற்சிலைக்குப் பணம் ஏது? ஒயிட் தம் காலத்தில் வைத்ததும் பலகைதான். அதைப் பார்த்து இப்போது புதிதாகச் செய்திருக்கிறார்கள். பிரபுக்களின் தோட்டங்களைக் கேலி செய்யத்தான் அவர் இப்படிச் செய்தாரோ, ஆசைப்பட்டுத்தான் செய்தாரோ என்று நாமும் நண்பரும் சிறிது நேரம் வாதாடினோம். இரண்டும் கலந்ததே என்பது நம் கட்சி.

இத்தோட்டத்தில் பதின்மூன்று ஆண்டு உலாவிய ஓர் ஆமையின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. அதன் பெயர் திமொதி. ஸஸெக்ஸ் ஜில்லாவில் ரிங்மர் என்னும் ஊரில் ஒயிட்டின் அத்தை சுமார் நாற்பது ஆண்டு காலம் அதை வளர்த்தாள். மழைத்துளி கண்டால் திமொதி பதறி ஓடும். வண்டி ஏறினாலும் தாங்கும் ஓட்டை முதுகில் சுமந்துகொண்டு தூறலுக்கு அஞ்சுவானேன் என்று ஒயிட் வியந்தார். தினமும் உணவிட்ட அத்தையைக் கண்டால் மட்டும் தட்டுத் தடுமாறி அவளை நோக்கி வருமாம். அத்தை இறந்தபின், 1780 மார்ச்சில் மண்ணுக்குள் குளிர்காலத் தூக்கத்திலிருந்த அதைத் தோண்டி எடுத்துப் பெட்டியில் வைத்து, எண்பது மைல் குதிரை வண்டியில் செல்போர்னுக்குக் கொண்டுவந்தார். ஊர்க் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். ஊதுகுழல் வழியாகப் பெயர் சொல்லிக் கூவியும் பார்த்தார். அது சட்டை செய்யவில்லை. எஜமானர் இறந்த மறு வசந்தத்தில் திமொதியும் இறந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சி சாலையில் இருக்கிறது. அந்த ஓட்டை ஆராய்ந்த பிறகுதான் உண்மை வெளியாயிற்று: திமொதி பெண் ஆமை! பூமியிலுள்ள அத்தனையையும் உற்றுப் பார்த்தவர், தம் வீட்டு ஆமையில் ஏமாந்து போனார்.

வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக எழும்புகிறது சுண்ணாம்புக் குன்று. ஊரிலிருந்து 300 அடி உயரம். அதன் சரிவு முழுவதும் பீச் மரக்காடு. அதற்கு ‘ஹாங்கர்’ என்று பெயர். இப்போது அது தேசீயப் பாதுகாப்பு டிரஸ்டின் வசத்தில் இருக்கிறது. 1753-ல் ஒயிட்டும் தம்பி ஜானும் சேர்ந்து இச்சரிவில் வளைந்து வளைந்து ஏறும் ‘ஜிக்-ஜாக்’ பாதையை வெட்டினார்கள். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. 1780-ல், அறுபது வயதாகும்போது, அதே குன்றில் சாய்வு குறைந்த இன்னொரு பாதை போடப்பட்டது. மனிதனுடைய வயதை மண்ணில் எழுதிவைத்தாற்போல இரண்டு பாதைகளும் இன்றும் இருக்கின்றன. நாம் முதலாவதில் ஏறினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் இயற்கைக் காட்சியை ரசிக்கும் பாவனையில் மூச்சு வாங்கிக்கொண்டோம்.

மே மாதத்துப் பீச் இலையின் பசுமையை நம் நாட்டுக் கொழுந்து வெற்றிலையின் பசுமைக்கு ஒப்பிடலாம், அவ்வளவு மென்மை, வெயில் ஊடுருவி மறுபுறம் தெரிகிறது. மேலே எங்கோ ஒரு சிறு பறவை ‘சிஃப்-சாஃப், சிஃப்-சாஃப்’ என்று இரண்டே ஸ்வரத்தை அலுக்காமல் பாடிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் மூன்று வகைச் சிறு பறவைகள் இக்காட்டில் இருப்பதாகவும், அவற்றின் பாட்டு வேறு வேறு என்றும் 1768-ல் ஒயிட் எழுதினார். அதற்கு முன் அவற்றை அவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொன்னவர் இல்லை. காதால் கேட்டே கண்டுபிடித்தார் என்பதுதான் விசேஷம். அம்மூன்றில், உயர்ந்த பீச் மரங்களின் உச்சியில் சிலிர்ப்பதுபோல் பாடும் மூன்றாவது பறவை, இப்போது தென் இங்கிலாந்தில் மிக அரிதாகிவிட்டது. நம் காதுக்கு அது கிட்டவில்லை.

தகைவிலான் குருவிகள் விஷயத்தில் ஒயிட் கடைசிவரை தடுமாறினார். குளிர்காலத்தில் அவை எங்கே போகின்றன? கடல் கடந்து போகின்றன என்றனர் சிலர். பொந்துகளிலும் நீருக்கடியிலும் உறங்குகின்றன என்றனர் பலர். ஜிப்ரால்டரில் பாதிரியாராக இருந்த தம்பி ஜான், பறவைகள் ஜலசந்தியைக் கடந்து ஆப்பிரிக்காவுக்கும் திரும்பவும் போய்வருவதைப் பார்த்து எழுதினார். அண்ணன் அதை நம்பவும் செய்தார். ஆனால் இலையுதிர் காலம் முடிந்தபின் ஒன்றிரண்டு குருவிகள் ஹாங்கர் பக்கம் பறப்பதைக் காணும்போதெல்லாம், இங்கேயே சில ஒளிந்திருக்குமோ என்ற சந்தேகம் அவரை விடவில்லை. கூலியாட்களை வைத்துப் புதர்களையெல்லாம் துழாவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. 1911-ல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு தகைவிலானின் காலில் வளையம் மாட்டி விட்டார்கள். 1912 டிசம்பரில் அது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிடிபட்டது. ஒயிட்டின் கேள்விக்கு விடை வர நூற்றைம்பது ஆண்டு ஆயிற்று.

இவ்வூர்க் காட்டைப்பற்றி ஒயிட் எழுதியவற்றில் நம் மனத்தை விட்டகலாதது அண்டங்காக்கையின் கதை. லோசல் காட்டில் ஓர் ஓக் மரம். நடுவே பெரிய புடைப்பு. அதைத் தாண்டி ஏற ஊர்ப்பையன் ஒருவனாலும் ஆகவில்லை. அதன் உச்சியில் தலைமுறை தலைமுறையாக அண்டங்காக்கைகள் கூடு கட்டின. தேம்ஸ் நதியில் பாலம் கட்ட மரம் வேண்டுமென்று அதை வெட்ட வந்தார்கள். மாதம் பிப்ரவரி, தாய்ப்பறவை அடைகாக்கும் காலம். ரம்பம் அறுத்தது, ஆப்பு இறங்கியது, சம்மட்டி அடி காடெங்கும் எதிரொலித்தது, மரம் ஆடிற்று. தாய் எழுந்திருக்கவில்லை. மரம் விழுந்தபோது கூட்டிலிருந்து வீசியெறியப்பட்டு, கிளைகளால் அடிபட்டுத் தரையில் செத்து விழுந்தது.

மறுநாள் ஊரைச் சுற்றியுள்ள பள்ளப் பாதைகளில் நடந்தோம். வண்டிச் சக்கரமும் மழைநீரும் நூற்றாண்டுக் கணக்காக அரித்து அரித்து, வயல் மட்டத்துக்குக் கீழே பதினாறு, பதினெட்டு அடி வரை இறங்கிப்போன பாதைகள் அவை என்று ஒயிட் எழுதியிருக்கிறார். இருபுறமும் பாறைச் சுவர். சுவரில் வேர்கள் பின்னித் தொங்குகின்றன. தலைக்குமேல் மரங்கள் கைகோத்துக் கூரை போடுகின்றன. நடுப்பகலில் அந்தி மயக்கம். ஊருக்கு நீர் தரும் ஊற்றையும் பார்த்தோம். கடும் கோடை கண்ட 1781-ல், செப்டம்பர் 14-ஆம் தேதி, ஒயிட் அதை அளந்தார்: நிமிஷத்துக்கு ஒன்பது காலன், நாளொன்றுக்கு 12,960 காலன். காவிரிப் பாசனக்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் தம் ஊர் ஊற்றை அளந்து வைத்தவர் நம்மில் எத்தனை பேர்?

குடியானவர் வீடுகளைக் கடந்தபோது, நம் வாசகிகளுக்கென்று ஒன்றைக் குறித்துக்கொண்டோம். மெழுகுவத்தி வாங்க வழியில்லாத ஏழைகள் அந்நாளில் எப்படி விளக்கேற்றினார்கள் என்று ஒயிட் ஒரு முழுக் கடிதம் எழுதியிருக்கிறார். ஈரநிலத்தில் வளரும் கோரை போன்ற தண்டுகளைக் கோடையில் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் அறுத்து வருவார்கள். நீரில் போட்டு, உள்ளிருக்கும் நெட்டி உதிராமல் பிடித்து நிற்க ஒரே ஒரு நரம்பு மட்டும் விட்டு மீதித் தோலை உரிக்க வேண்டும். சில இரவுகள் பனியில் கிடத்தி வெளுக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, உருக்கிய கொழுப்பில் தோய்த்தெடுத்தால் விளக்கு ஆயத்தம். கொழுப்புக்குச் செலவில்லை, பன்றி வளர்க்கும் வீட்டுக்காரி சமையல் பானையில் மிதப்பதை வழித்துச் சேர்த்து வைத்திருப்பாள். இரண்டடி நாலரை அங்குலத் தண்டு ஒன்றைக் கொளுத்தி, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒயிட் உட்கார்ந்தார்: ஒரு மணிக்கு மூன்று நிமிஷம் குறைவாக எரிந்தது. கணக்குப் போட்டார். ஒரு பார்த்திங்குக்கு, அதாவது கால் பென்னிக்கு, ஐந்தரை மணி நேர வெளிச்சம்! பரம ஏழைகளோ இதையும் செய்யாமல் தினம் அரைப்பென்னி மெழுகுவத்தி வாங்கி, இரண்டு மணி வெளிச்சத்தோடு நின்றுவிடுகிறார்களே என்று வருந்தினார். ஏழைக்குத்தான் எதுவும் விலை அதிகம் என்பது அங்கும் வழக்கம் போலும்.

பெரியது சிறியது என்ற பேதம் அவருக்கில்லை. கோதுமை வயலில் வாழும் சிற்றெலி ஒன்றை இங்கிலாந்தில் முதன்முதல் விவரித்தவர் அவர். இரண்டு எலிகளைத் தராசில் போட்டால் ஒரு செப்பு அரைப்பென்னிக் காசின் எடை. கோதுமைத் தாளைப் பின்னிய அதன் கூடு கிரிக்கெட் பந்தளவு. மேஜைமேல் உருட்டினாலும் கலையாது. உள்ளே கண் திறவாத எட்டுக் குட்டிகள். வாசல் எங்கே என்று தெரியவில்லை. மண்புழு இல்லாவிட்டால் நிலம் இறுகி மலடாகும் என்று 1777-லேயே எழுதினார். சார்லஸ் டார்வின் மண்புழுவைப்பற்றி முழுப் புத்தகம் வெளியிட்டது 1881-ல். டார்வினும் ஒரு முறை செல்போர்னுக்கு வந்து போனவரே.

1783-ஆம் ஆண்டுக் கோடையில், ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை விசித்திரமான புகைமூட்டம் கவிந்து, நடுப்பகல் சூரியன் துருப்பிடித்த நிறத்தில் தெரிந்ததையும், அறுத்த இறைச்சி மறுநாளே கெட்டதையும், ஜனங்கள் சகுனம் கண்டு நடுங்கியதையும் ஒயிட் எழுதிவைத்தார். ஐஸ்லாந்து தேசத்தில் லாகி என்னுமிடத்தில் ஜூன் 8-ஆம் தேதி பூமி பிளந்து நெருப்புக் குழம்பு பொங்கியதன் விளைவு அது என்பது இன்று தெளிவு. அந்த எரிமலையை ஆராய்பவர்கள் இன்றும் இக்கிராமப் பாதிரியாரின் குறிப்பைப் புரட்டுகிறார்கள்.

கிழக்கே இருப்பது உல்மர் காடு. ஆன் மகாராணி போர்ட்ஸ்மவுத் செல்லும் வழியில் இங்கே ஒரு கரைமேல் அமர்ந்து, எதிரே ஓட்டிவரப்பட்ட ஐந்நூறு செம்மான்களைப் பார்வையிட்டாளாம். இவ்வட்டாரத்தில் முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் திருடியவர்களை அடக்க 1723-ல் ‘கறுப்புச் சட்டம்’ வந்தது. அதற்குமுன் எந்தச் சட்டமும் இத்தனை செயல்களை மரண தண்டனைக் குற்றமாக்கியதில்லை என்று, சாதுவான ஒயிட்டே குறிப்பிடுகிறார். அடக்குமுறைச் சட்டங்களை வெள்ளையர் நமக்காகப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்திருந்தோம். தம் வீட்டிலேயே பழகிப் பார்த்துவிட்டுத்தான் கப்பலேறியிருக்கிறார்கள்.

ஒயிட் மறைந்து முப்பத்தேழு ஆண்டுக்குப் பின், அவர் வர்ணித்த குடிசைகளிலிருந்தே கோபம் வெளிப்பட்டது. 1830-ல் தென் இங்கிலாந்து முழுவதும் பண்ணைக் கூலிகள் பசி தாங்காமல் கிளர்ந்தெழுந்தார்கள். கதிரடிக்கும் யந்திரம் வந்து குளிர்கால வேலை பறிபோயிற்று. கூலியோ அரைவயிற்றுக்கும் காணாது. கூலியைக் கூட்டுங்கள் என்றால், விளைச்சலில் குருக்களுக்குத் தசமபாகம் கொடுத்தபின் எங்களிடம் என்ன மிச்சம் என்றார்கள் பண்ணைக்காரர்கள். நவம்பர் 22-ஆம் தேதி செல்போர்னில் கொம்பூதி ஆள் திரட்டிக்கொண்டு குருக்களைச் சூழ்ந்தார்கள். தசமபாகத்தை ஆண்டுக்கு 400 பவுனாகக் குறைத்துக்கொள்வதாக அவர் கையெழுத்திட நேர்ந்தது. பிறகு கூட்டம் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதிக்குப் போயிற்று. உள்ளிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு, கதவு, ஜன்னல், கூரை ஓடு ஒன்று பாக்கியின்றி உடைத்தார்கள். மறுநாள் ஹெட்லி கிராமத்து விடுதிக்கும் அதே கதி. யாரையும் கொல்லவில்லை. டிசம்பரில் வின்செஸ்டரில் விசேஷ நீதிமன்றம் கூடிற்று. தண்டனை பெற்றவர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை மறுபடி காணவேயில்லை. அழகிய ஜிக்-ஜாக் பாதையைக் காட்டும் படத்தபால்கள் கடையில் அடுக்கடுக்காக விற்கின்றன. அந்த விடுதி இருந்த திசையைச் சொல்ல நாம் கேட்ட முதல் இருவருக்குத் தெரியவில்லை.

மாலையில் மறுபடி கோயில் முற்றத்துக்கு வந்து யூ மரத்தின் அடிக்கட்டைக்கு எதிரே உட்கார்ந்தோம். செல்போர்னில் ஆண்டுதோறும் எட்டு ஜோடி உழவாரக் குருவிகள் கூடு கட்டுவதாகவும், பாதி ஜோடிகள் கோயிலிலும் மீதி மிகத் தாழ்ந்த ஏழைக் குடிசைகளின் கூரையிலும் தங்குவதாகவும் ஒயிட் எண்ணி எழுதினார். இப்போது குடிசைகளுக்கு நல்ல கூரை போட்டு இடுக்குகளை அடைத்துவிட்டார்கள். லண்டன்காரர்கள் வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். பிரிட்டனில் 1995-க்குப் பிறகு உழவாரக் குருவிகளின் தொகை பாதிக்கும் கீழே போய்விட்டது. 2021-ல் அவற்றைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஏழு மணி சுமாருக்கு மேற்கேயிருந்து ஒன்று வந்தது. பிறகு இரண்டு. கோபுரத்தை ஒட்டி, அரிவாள் வீசினாற்போல் சிறகை விரித்துக் கீச்சிட்டுக்கொண்டு சுழன்றன. நண்பர் பென்சிலை எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். ஐந்து வரை எண்ணினார். கோயிலுக்குப் பின்னால் மறைந்தவை திரும்பி வருகின்றனவா, புதியவை வருகின்றனவா என்று நிச்சயிப்பதற்குள் ஆல்ட்டன் பஸ் தெருமுனையில் ஊதலை அடித்துவிட்டது.